ஹெர்-2: ஒரு மரபணுவும் ஒரு பரிசோதனையும்

மார்பகப் புற்றுநோய் என்று உறுதி செய்யப்பட்டதும் கைக்கு வரும் திசுப் பரிசோதனை அறிக்கையில் மூன்று பெயர்கள் தவறாமல் இடம்பெற வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரொஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 ஆகியவையே அவை. முதல் இரண்டும் ஹார்மோன் தொடர்பானவை என்பதைப் பலரும் ஊகித்துக்கொள்கிறார்கள். மூன்றாவது பெயர்தான் திகைக்க வைக்கிறது. உயிர்வேதியியல் கற்பித்தவன் என்பதால், இத்தகைய அறிக்கைகளை நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் காட்டுவதுண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். இது நல்லதா, கெட்டதா? என் மகளுக்கும் வருமா? இதற்கு மருந்து உண்டா, அதை நம்மால் வாங்க முடியுமா? இம்மூன்றுக்கும் அறிவியல் தெளிவான விடைகளை வைத்திருக்கிறது. அவை அறிக்கையைப் பெறும் குடும்பங்களைச் சென்று சேரவில்லை என்பதே என் கவலை.

ஹெர்-2 என்பது நம் அனைவருடைய உடலிலும் உள்ள ஒரு மரபணு. பதினேழாவது குரோமோசோமில் அது அமைந்திருக்கிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வோர் உயிரணுவிலும் அதற்கு இரண்டு படிகள் உண்டு. இந்த மரபணுவின் குறிப்பைக் கொண்டு உயிரணு 1,255 அமினோ அமிலங்களால் ஆன ஒரு புரதத்தை உருவாக்குகிறது. அப்புரதம் உயிரணுவின் மேலுறையைத் துளைத்துக்கொண்டு நிற்கும். அதன் ஒரு பகுதி வெளியேயும் மறுபகுதி உள்ளேயும் இருக்கும். வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே கடத்துவதே அதன் பணி. இவ்வகைப் புரதங்களை ஏற்பிகள் என்கிறோம்.

உயிரணு தானாகப் பிளந்து பெருகுவதில்லை. காயம் ஆற வேண்டும், கருவில் உறுப்பு வளர வேண்டும் என்பன போன்ற தேவைகள் எழும்போது, 'வளர்க' என்ற கட்டளையை வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் சிறு புரதங்கள் கொண்டுவருகின்றன. பிறந்த எலிக்குஞ்சுகளின் கண்ணிமைகளை வழக்கத்துக்கு முன்பாகவே திறக்கச் செய்த ஒரு பொருளைப் பின்தொடர்ந்து சென்ற ஸ்டான்லி கோஹென், தோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தார். அதற்காக 1986-இல் ரீட்டா லெவி மொண்டால்சினியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அக்காரணியை ஏற்கும் ஏற்பியின் உடன்பிறப்புதான் ஹெர்-2. இக்குடும்பத்தில் மொத்தம் நான்கு உறுப்பினர்கள் உள்ளனர்.

நால்வரில் ஹெர்-2-க்குத் தனித்த இயல்பு ஒன்று உண்டு. மற்றவை தமக்குரிய வளர்ச்சிக் காரணி வந்து பற்றிய பிறகே வடிவம் மாறி, இன்னோர் ஏற்பியுடன் இணை சேரும். ஹெர்-2-ஐப் பற்றும் காரணி எதுவும் இதுவரை அறியப்படவில்லை. அது எப்போதும் இணை சேரத் தயாரான நிலையிலேயே இருக்கிறது. இணை சேர்ந்ததும் இரு ஏற்பிகளின் உட்பகுதிகளிலும் பாஸ்பேட் குறிகள் ஏறுகின்றன. அங்கிருந்து செய்தி, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஓலை மாறுவதுபோல, புரதம் புரதமாகக் கடந்து கருவைச் சென்றடைகிறது. ஒரு பாதை 'பிளந்து பெருகு' என்கிறது. மற்றொரு பாதை 'சாகாதே' என்கிறது. நலமான உயிரணுவில் இந்த ஏற்பிகள் ஏறத்தாழ 20 ஆயிரம் அளவில் இருப்பதால், செய்தி அளவோடு நிற்கிறது.

சில புற்றுநோய்களில் இந்த அளவு குலைகிறது. மரபணு எழுத்துப் பிழை அடைவதில்லை. மாறாக, அது படியெடுக்கப்பட்டுக்கொண்டே போகிறது. இரண்டு படிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருபது, ஐம்பது என்று சேர்கின்றன. அதற்கேற்ப உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளின் எண்ணிக்கை 20 லட்சம் வரை உயரக்கூடும். இவ்வளவு நெருக்கத்தில் ஏற்பிகள் ஒன்றோடொன்று உரசி, யாரும் கட்டளையிடாமலேயே இணை சேர்கின்றன. வெளியிலிருந்து செய்தி வராதபோதும் உள்ளே 'பெருகு, பெருகு' என்ற ஆணை ஓயாமல் ஒலிக்கிறது. இதைத்தான் அறிக்கை 'ஹெர்-2 பாசிட்டிவ்' என்று குறிப்பிடுகிறது.

இது தெரியவந்த வரலாறு எலியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தினர், 1980-களின் தொடக்கத்தில், எலிகளின் நரம்புக் கட்டிகளிலிருந்து புற்றுநோயைத் தூண்டும் மரபணு ஒன்றைப் பிரித்து அதற்கு 'நியூ' என்று பெயரிட்டனர். 1985-இல் ஜெனன்டெக் நிறுவனத்தில் பணியாற்றிய ஆக்செல் உல்ரிக்கின் குழு, மனித மரபணு ஒன்றை அடையாளம் கண்டு ஹெர்-2 எனப் பெயரிட்டது. இரண்டும் ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று.

அக்காலத்தில் புற்றுநோய் மரபணுக்கள் வரிசையாகக் கண்டறியப்பட்டு வந்தன. ஆனால், அவற்றால் நோயாளிக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு விடை இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமன், 189 பெண்களின் மார்பகக் கட்டிகளை எடுத்து, இந்த மரபணுவின் படிகளை எண்ணிப் பார்த்தார். 30 சதவீதக் கட்டிகளில் அது பல மடங்கு பெருகியிருந்தது. அவ்வாறு பெருகிய பெண்களுக்கு நோய் விரைவில் திரும்பியது. அவர்களின் ஆயுளும் குறைந்தது. 1987-இல் வெளியான இந்த ஆய்வு, நோயின் போக்கை ஒரு மரபணுவின் எண்ணிக்கையிலிருந்து முன்னுணர முடியும் என்று காட்டியது. பிற்கால ஆய்வுகளின்படி, மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 சதவீதம் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஆக, முதல் கேள்விக்கு அன்று சொல்லக்கூடிய விடை 'கெட்டது' என்பதே. அந்த விடையை மாற்றியது ஒரு மருந்து. உயிரணுவின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பியைத் தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் ஒன்று எலிகளில் உருவாக்கப்பட்டது. எலியின் புரதத்தை மனித உடல் அந்நியப் பொருளாகக் கருதி அழித்துவிடும். எனவே, பற்றும் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சிய பகுதியை மனிதப் புரதமாக மாற்றியமைத்தனர். அதுவே ட்ராஸ்டுசுமாப். இது ஏற்பியின் செய்தியைத் தடுக்கிறது; அத்துடன் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு இலக்கைச் சுட்டிக்காட்டவும் செய்கிறது. 469 பெண்களிடம் நடத்தப்பட்ட சோதனையின் அடிப்படையில், 1998 செப்டம்பரில் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. வேதி மருந்தை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 20.3 மாதங்கள். இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 25.1 மாதங்கள்.

ஐந்து மாதங்கள்தானே என்று தோன்றலாம். அவர்கள் அனைவரும் நோய் உடலெங்கும் பரவிய நிலையில் இருந்தவர்கள். இம்மருந்தை நோய் பரவுவதற்கு முன், அறுவை சிகிச்சையை ஒட்டிக் கொடுத்தபோதுதான் அதன் முழு வலிமை தெரிந்தது. 2005-இல் வெளியான முடிவுகள், நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைவதைக் காட்டின. அதே பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், பத்து ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தோர் மருந்து பெற்ற பிரிவில் 84 சதவீதம், பெறாத பிரிவில் 75 சதவீதம். இவ்வகைக் கட்டி உள்ள நூறு பெண்களில் ஒன்பது பேர் கூடுதலாக வாழ்கிறார்கள் என்பது இதன் பொருள். ஒரு காலத்தில் கெட்ட செய்தியாக இருந்த ஹெர்-2 பாசிட்டிவ், இன்று குறிபார்த்துத் தாக்கக்கூடிய இலக்கு உண்டு என்று சொல்லும் செய்தியாக மாறியிருக்கிறது. மருந்து கிடைத்தால் மட்டுமே இந்த மாற்றம் உண்மை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இம்மருந்து குறையற்றதன்று. இதயத் தசைக்கும் ஹெர்-2 தேவைப்படுகிறது. இந்த மரபணு நீக்கப்பட்ட எலிக்கருக்கள் இதயம் சரியாக உருவாகாமல் கருவிலேயே மடிகின்றன. அதனால் ட்ராஸ்டுசுமாப் பெறும் சிலருக்கு இதயம் குருதியை உந்தும் திறன் குறைகிறது. ஆந்த்ராசைக்ளின் வகை மருந்துகளுடன் ஒரே நேரத்தில் கொடுக்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இதயம் மீள்கிறது. சிகிச்சைக்கு முன்பும் இடையிலும் எக்கோ பரிசோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான். அது வீண்செலவு என்று எண்ணித் தவிர்ப்பது பிழை.

இரண்டாவது கேள்வி மகள்களைப் பற்றியது. குடும்பங்களில் மிகுந்த அச்சத்தையும், சில இடங்களில் திருமணப் பேச்சுகளில் தேவையற்ற தயக்கத்தையும் உண்டாக்குவது இதுவே. ஹெர்-2 மரபணு பெருகுவது பிறந்த பின், மார்பகத்தின் ஏதோ ஓர் உயிரணுவில் நிகழும் மாற்றம். அது கட்டியோடு பிறந்து கட்டியோடு முடிகிறது. கருமுட்டைக்குச் செல்வதில்லை, ஆகவே பிள்ளைகளுக்கும் செல்வதில்லை. பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 ஆகியவை முற்றிலும் வேறு மரபணுக்கள். குடும்பத்தில் பலருக்கு, குறிப்பாக இளம் வயதில், இந்நோய் வந்திருந்தால் அவற்றைப் பரிசோதிப்பது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். 'மரபணு' என்ற சொல் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது.

மூன்றாவது கேள்வி மருந்தின் விலை. இதில் இந்தியாவுக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. ட்ராஸ்டுசுமாப் நம் நாட்டில் பல ஆண்டுகள் பெரும்பான்மையோருக்கு எட்டாத விலையில் இருந்தது. காப்புரிமைச் சட்டத்தின் கீழ் இதற்குக் கட்டாய உரிமம் வழங்கலாமா என்று மத்திய அரசு 2013-இல் பரிசீலித்தது. நோயாளிகளின் அமைப்புகளும் குரல் எழுப்பின. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோஷ் நிறுவனம் தன் இந்தியக் காப்புரிமையைக் கைவிட்டது. 2014 தொடக்கத்தில் பெங்களூரின் பயோகான் நிறுவனம் மைலானுடன் சேர்ந்து உருவாக்கிய ஒப்புயிரி மருந்து சந்தைக்கு வந்தது. ரோஷ் வழக்குத் தொடுத்தது. ஆயினும் மருந்து நின்றுவிடவில்லை. இதே கூட்டணியின் மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தது. அந்நாட்டில் அனுமதி பெற்ற முதல் ட்ராஸ்டுசுமாப் ஒப்புயிரி மருந்து அதுவே. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ட்ராஸ்டுசுமாபை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்திருந்தது.

இன்று பல நிறுவனங்கள் இம்மருந்தைத் தயாரிக்கின்றன. விலை முன்பைவிடப் பெரிதும் குறைந்திருக்கிறது. எனினும், மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வீதம் ஓராண்டு பெற வேண்டிய மருந்து இது. பயணம், தங்கல், இழக்கும் கூலி எல்லாம் சேர்ந்து ஓர் எளிய குடும்பத்தை இன்னமும் முறித்துவிடக்கூடும். ஓராண்டுக்குப் பதிலாக ஆறு மாதம் போதுமா என்ற ஆய்வு இதனால்தான் நமக்கு முக்கியமானது. பிரிட்டனில் ஏறத்தாழ 4,000 பெண்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான பெர்செஃபோனி ஆய்வு, நான்கு ஆண்டுகள் நோயின்றி இருந்தோர் ஆறு மாதப் பிரிவில் 89.4 சதவீதம், ஓராண்டுப் பிரிவில் 89.8 சதவீதம் என்று கண்டது. அதற்கு முன் பிரான்சில் நடந்த ஆய்வு ஆறு மாதம் போதும் என்பதை நிறுவவில்லை. எனவே, ஓராண்டே பொது வழக்கமாக நீடிக்கிறது. ஆனால், பணம் இல்லை என்பதற்காக மருந்தே வேண்டாம் என்று விலகுவதைவிட, குறைந்த காலச் சிகிச்சை பற்றி மருத்துவருடன் வெளிப்படையாகப் பேசுவது பன்மடங்கு நல்லது.

மருந்து மலிவானால் மட்டும் போதாது. யாருக்கு அது தேவை என்று சரியாகக் கண்டறிய வேண்டும். அதற்கான பரிசோதனை பழைய நோய்க்குறியியல் ஆய்வகத்தின் மேசையில் நடப்பது. கட்டியின் மெல்லிய சீவலில் ஹெர்-2 புரதம் உள்ள இடங்களைப் பழுப்பு நிறமாக்கிக் காட்டும் முறைக்கு ஐ.எச்.சி. என்று பெயர். முடிவு பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பிடப்படும். மூன்று என்றால் பாசிட்டிவ். பூஜ்யமும் ஒன்றும் நெகட்டிவ். இரண்டு என்றால் முடிவு சொல்ல இயலாது என்று பொருள். அந்நிலையில் மரபணுவின் படிகளையே ஒளிரச் செய்து எண்ணும் ஃபிஷ் பரிசோதனை தேவை.

நோயாளி வழிதவறிப் போவது பெரும்பாலும் இந்த 'இரண்டு' என்ற இடத்தில்தான். நான் பார்த்த அறிக்கைகள் சிலவற்றில் 'இரண்டு. ஃபிஷ் பரிந்துரைக்கப்படுகிறது' என்ற குறிப்போடு பேச்சு முடிந்திருந்தது. ஃபிஷ் வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. செலவும் கூடுதல். குடும்பம் அதைக் கூடுதல் சோதனை என்று எண்ணித் தள்ளிப்போடுகிறது. இதற்கிடையில் வேதி மருந்து தொடங்கிவிடுகிறது. அந்தப் பெண் ஒருவேளை பாசிட்டிவாக இருந்தால், ஆயுளைக் காக்கக்கூடிய மருந்து அவர் அறியாமலேயே கைநழுவிப் போகிறது.

இன்னொரு பலவீனம் ஆய்வகத்துக்கும் முந்தியது. வெட்டியெடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இட வேண்டும். அதில் குறைந்தது 6 மணி நேரம், மிகுந்தால் 72 மணி நேரம் இருக்கலாம் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். திசு காத்துக் கிடந்தாலோ, பெரிய கட்டி சிறிய புட்டியில் போதிய ஃபார்மலின் இன்றி அடைக்கப்பட்டாலோ, புரதம் சிதைந்து பரிசோதனை பொய்யான முடிவைத் தரக்கூடும். சிறிய ஊரில் அறுவை செய்து, மாதிரியைப் பேருந்திலோ கூரியரிலோ நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்போது இந்தக் கணக்கு எளிதில் தவறிவிடும். சில ரூபாய் பெறும் ஃபார்மலினும் புட்டியின் மேல் எழுதப்படும் நேரமும் ஒரு பெண்ணின் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன.

பரிசோதனையின் பொறுப்பு இப்போது மேலும் கூடியிருக்கிறது. எதிர்ப்புரதத்தின் முதுகில் நச்சு மருந்தை ஏற்றி, ஹெர்-2 உள்ள உயிரணுவுக்குள் நேராகக் கொண்டுசென்று இறக்கும் ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற புதிய மருந்து, ஹெர்-2 குறைந்த அளவில் உள்ள கட்டிகளிலும் பயன் தருவது 2022-இல் தெரியவந்தது. நேற்றுவரை 'நெகட்டிவ்' என்று ஒரே கூடையில் போடப்பட்ட பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலான வேறுபாடு, நோய் பரவியவர்களுக்கு இன்று பொருளுடையதாகிவிட்டது. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு இம்மருந்துக்கான அடிப்படைச் சுங்க வரியை நீக்கியது வரவேற்கத்தக்கது. ஆயினும், வரி நீங்கிய பிறகும் அதன் விலை நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாத உயரத்தில் இருக்கிறது. ட்ராஸ்டுசுமாபுக்கு நேர்ந்த வரலாறு இதற்கும் நேர வேண்டுமானால், அரசின் கூட்டுக் கொள்முதலும் உள்நாட்டுத் தயாரிப்பும் விரைவுபட வேண்டும்.

குளோபோகான் மதிப்பீட்டின்படி 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 98 ஆயிரம் பேர் அந்நோயால் இறந்தனர். உலக அளவிலான விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டும் சுமார் 30 ஆயிரம் முதல் 38 ஆயிரம் இந்தியப் பெண்களின் கட்டிகள் ஹெர்-2 பாசிட்டிவாக இருக்கும். அவர்களில் ஒவ்வொருவருக்கும் இது கண்டறியப்பட்டதா, கண்டறியப்பட்டவர்களுக்கு முழுச் சிகிச்சை கிடைத்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மார்பகப் புற்றுநோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் ஹெர்-2 பரிசோதனை கட்டாயமாகவும், அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றியும் செய்யப்பட வேண்டும். முடிவு 'இரண்டு' என வந்தால் நோயாளியை அலைக்கழிக்காமல், மாதிரியே மண்டல ஆய்வகத்துக்குப் பயணிக்கும் ஏற்பாடு வேண்டும். அறுவை அரங்குகளில் திசு எடுத்த நேரமும் ஃபார்மலினில் இட்ட நேரமும் பதிவாக வேண்டும். காப்பீட்டுத் திட்டங்கள் மருந்தைப் போலவே பரிசோதனைக்கும் பணம் வழங்க வேண்டும்.

நோயாளியின் குடும்பத்தினர் செய்யக்கூடியதும் உண்டு. அறிக்கையில் ஹெர்-2 குறித்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு என்றிருந்தால் ஃபிஷ் எப்போது, எங்கே என்று சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள். கட்டியின் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையை ஆய்வகத்திலிருந்து கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். மறுபரிசோதனைக்கு அதுவே ஆதாரம். நோய் திரும்பினால் மீண்டும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் கட்டியின் ஹெர்-2 நிலை மாறியிருக்கக்கூடும்.

எலியின் நரம்புக் கட்டியிலிருந்து நோயாளியின் நரம்பில் ஏறும் மருந்து வரை வர அறிவியலுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. அங்கிருந்து ஒரு மாவட்ட மருத்துவமனையின் படுக்கையை அது சென்றடைவது அறிவியலின் வேலையன்று. அது நிர்வாகத்தின் கடமை.